பன்னிரண்டாவது தேர்வும் பக்கத்து வீட்டு வழக்கும்

டல்லஸ் சுற்றுவட்டாரத்துக்குக் குடிவரும் தமிழர்களுக்கு, எந்தக் கடையில் நல்ல முருங்கைக்காய் கிடைக்கும், எந்தச் சுங்கச்சாலையைத் தவிர்க்கலாம் என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய உண்டு. கவ்பாய்ஸ் அணியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க யாரும் இருப்பதில்லை. நம் ஆட்களில் பலர் கடைசிவரை கிரிக்கெட்டோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த ஊர்க்காரர்கள் மனம்விட்டுப் பேசுவதும் சண்டை போடுவதும் அந்த அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றித்தான்.

நாங்கள் பிளேனோவுக்கு வந்தது 2016 கோடையில். கணவருக்கு வேலை விசா, எனக்கு டிபென்டன்ட் விசா. மதுரையில் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவள், இங்கே வேலைக்குப் போக முடியாது. காலை பதினோரு மணி ஆனால் ஊரில் அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிடும். அதற்கப்புறம் சாயங்காலம்வரை பேச ஆளில்லை. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும். வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. டெக்சஸில் பெரியவர்களை 'மேம்' என்று அழைப்பது வழக்கம்தான் என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தனியாக உட்கார்ந்து என்ன செய்கிறாய், வா" என்று ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார்.

கவ்பாய்ஸ் 13 ஆட்டங்கள் ஜெயித்து மூன்றில் மட்டும் தோற்ற பருவம் அது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டாக் பிரெஸ்காட், பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் எசக்கியேல் எலியட் இருவருமே புதுமுகங்கள். எலியட் 1,631 யார்டு ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். எல்லோரையும்போல நானும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேம் ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டி நிறுத்தினார். எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்தார். "70ஆம் எண்ணைப் பார். பந்து எங்கே வேண்டுமானாலும் போகட்டும்."

அந்த 70, ஸாக் மார்ட்டின். வலது கார்டு, அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் காவலாக நிற்கும் ஐவர் வரிசையில், நடுவில் இருக்கும் சென்டருக்கு வலப்பக்கம் நிற்பவர். பந்து கைமாறிய நொடியில் அவர் கால்கள் சின்னச் சின்ன அடியாக வைத்தன, அகலம் குறையவே இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. இரண்டு கைகளும் எதிராளியின் நெஞ்சில், உள்பக்கமாக. சென்டரும் அவருமாக ஒரு பெரிய ஆளை இரண்டடி பின்னுக்குத் தள்ளினார்கள். அவன் அசைந்ததும் மார்ட்டின் அவனை சென்டரிடம் விட்டுவிட்டு அடுத்த வரிசையில் நின்றவனைப் போய்ப் பிடித்தார். எலியட் அந்த இடைவெளியில் புகுந்துபோனார். தொலைக்காட்சி எலியட்டைக் காட்டியது, மேம் மார்ட்டினைக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு இந்த ஆட்டம் புரிய ஆரம்பித்தது.

அந்த வரிசையில் மூன்று பேர், டிராஃப்ட் என்னும் கல்லூரி வீரர் தேர்வின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். 2011இல் டைரன் ஸ்மித், 2013இல் சென்டர் டிராவிஸ் ஃபிரெடரிக், 2014இல் மார்ட்டின். ஃபிரெடரிக்கை எடுத்தபோது ஊரே கேலி செய்ததாம். கையிலிருந்த 18ஆவது இடத்தை சான் ஃபிரான்சிஸ்கோவிடம் கொடுத்துவிட்டு 31க்கு இறங்கிப்போய் ஒரு சென்டரை எடுப்பதா என்று. மறுவருடம் குவார்ட்டர்பேக் ஜானி மேன்ஸியலை எடுக்க உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸுக்கே ஆசை. பக்கத்திலிருந்தவர்கள் தடுத்து மார்ட்டினை எடுக்கவைத்தார்கள். மேன்ஸியல் இரண்டே பருவத்தில் லீகை விட்டுப் போனார். மார்ட்டின் 11 பருவம் ஆடி, ஒன்பது முறை புரோ பவுல் என்னும் நட்சத்திர வீரர் பட்டியலுக்குத் தேர்வானார். 2018இல் ஃபிரெடரிக்குக்கு கியான்-பாரே நரம்பு நோய் வந்து அந்தப் பருவம் முழுக்க ஆட முடியாமல் போனபோது, மேமின் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. தெருவில் நாய் நடத்திப்போகிறவர்கள்கூட நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

டிராஃப்ட் என்றால் என்ன என்று கேட்கும் நம்மவர்களுக்கு நான் சொல்வது: ஐபிஎல் ஏலத்தை மறந்துவிடுங்கள். இங்கே பணத்தைக் காட்டி யாரையும் வாங்க முடியாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. முதல் சுற்றில் வரும் பையனுக்கு நான்கு வருட ஒப்பந்தம், ஐந்தாவது வருடம் அணியின் விருப்பம். பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு அப்படி ஒரே ஒரு பையன்தான் கிடைப்பான் என்பதால்தான் இவ்வளவு கூச்சல்.

2025 ஏப்ரல் 24ஆம் தேதி, டிராஃப்ட் கிரீன் பேயில். கவ்பாய்ஸுக்கு 12ஆவது இடம், ஏனென்றால் முந்தைய பருவத்தில் ஏழு ஜெயம், பத்துத் தோல்வி. பிரெஸ்காட் பாதியிலேயே தொடைத் தசை கிழிந்து போய்விட்டார். மார்ட்டின் அந்த பிப்ரவரியில்தான் ஓய்வு பெற்றிருந்தார். நான் மசால் வடையோடு போனேன்; மேமின் கணவர், ஃபோர்ட் வொர்த்திலிருந்து வந்திருந்த மருமகன், எல்லோரும் ஹாலில். பெரியவருக்கு, எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் ரிசீவர் ஒருவர் வேண்டும். சிடி லாம்ப் ஒருவரை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது என்பது அவர் கேள்வி. அவர் மனதில் இருந்த டெட்டைரோவா மெக்மிலனை எட்டாவது இடத்திலேயே கரோலினா எடுத்துக்கொண்டுபோனது.

பன்னிரண்டாவதாக அலபாமாவின் டைலர் புக்கர் பெயரை வாசித்தார்கள். கார்டு.

பெரியவர் ரிமோட்டை மேசையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. "கார்டா? மூணாவது சுத்துல கிடைக்கிற ஆளையா பன்னிரண்டுல எடுக்குறது?" என்பதுதான் அவர் பேச்சின் சாரம். மருமகன் ஒத்து ஊதினார். 40 யார்டு ஓட இந்தப் பையனுக்கு ஐந்து விநாடிக்கு மேல் ஆகிறதாம். ஐந்தாவது வருடத் தொகை கணக்கிடும்போது லீக் கார்டையும் வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளையும் ஒரே தட்டில் வைக்கிறது, ஆகவே கார்டுக்கு டேக்கிள் விலை கொடுக்க வேண்டியிருக்கும். அது நியாயமான வாதம்தான், கணக்கு வாத்தியாராக நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முந்தைய வருடம் 29ஆவது இடத்தில் எடுத்த டைலர் கைட்டன் முதல் பருவத்தில் தடுமாறியதையும் பெரியவர் இழுத்தார். முதல் சுற்று என்றாலே மார்ட்டின் கிடைத்துவிடுவாரா என்றார்.

மேம் எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். சரி என்று நானே ஆரம்பித்தேன்.

கார்டு 40 யார்டு எப்போது ஓடப்போகிறான்? அவன் வேலை முதல் ஐந்து யார்டுக்குள். ஓரத்திலிருந்து வரும் தாக்குதலை குவார்ட்டர்பேக் ஓரளவு பார்க்க முடியும், முன்னால் நகர்ந்து தப்பலாம். நடுவிலிருந்து வருகிறவன் நேரே முகத்துக்கு வருகிறான், நகர இடமே இல்லை. எங்கள் பிரிவில் இருக்கும் பிலடெல்பியாவிடம் ஜேலன் கார்ட்டர் என்ற மலை அந்த நடுவில்தான் நிற்கிறது, வருடத்துக்கு இரண்டு ஆட்டம் அவர்களோடு. இன்னொன்று: பந்தோடு ஓடும் சேக்வான் பார்க்லி நியூயார்க்கில் இருந்தபோதும் அதே கால்கள்தான். பிலடெல்பியாவின் வரிசைக்குப் பின்னால் வந்த முதல் பருவத்திலேயே 2,005 யார்டு ஓடி, சூப்பர் பவுல் என்னும் இறுதிப்போட்டியையும் ஜெயித்தார். எங்களுக்கு அது 1996 ஜனவரிக்குப் பிறகு இல்லை. மார்ட்டின் போன இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ரிசீவர் வாங்கினால், பந்தை அவருக்கு எறிய பிரெஸ்காட்டுக்கு நேரம் யார் கொடுப்பது?

கைட்டனைச் சொன்னவரிடம் டைலர் ஸ்மித்தைச் சொன்னேன். 2022இல் டல்சாவிலிருந்து 24ஆவதாக வந்தபோது, கல்லூரியில் அபராதம் வாங்கியே பேரெடுத்தவன் என்று இதே ஹாலில் இதே சத்தம். அப்புறம் இரண்டு முறை புரோ பவுல்.

"நீ இவளுக்கு நல்லா சொல்லிக்கொடுத்திருக்க" என்று பெரியவர் மனைவியிடம் சொன்னார். கோபத்தோடு சொன்னாரா, மெச்சிச் சொன்னாரா, எனக்கு இரண்டும் கேட்டது. அந்த ஹாலில் நான் விருந்தாளியாக இருந்த காலம் முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. இந்த ஊரில் என்னோடு இப்படிக் குரல் உயர்த்திச் சண்டை போட அதற்குமுன் யாருக்கும் தோன்றியதில்லை. எல்லோரும் மரியாதையாக, ஜாக்கிரதையாகப் பேசுவார்கள். வடை தீரும்வரை விவாதம் ஓடியது.

மே மாதம் பிட்ஸ்பர்கிலிருந்து ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸை வாங்கினார்கள். பெரியவர் வேலியருகே வந்து, "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்கவே மாட்டேன்" என்றார். ஆனாலும் 12ஆவது இடம் கார்டுக்கு அதிகம் என்பதில் அவர் பிடி தளரவில்லை. கார்ட்டர் இன்னும் பிலடெல்பியாவில்தான் இருக்கிறார் என்று நான் பதில் சொன்னேன்.