டன் கூட்டினால் புழுக்கம் போகாது

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் ஏசி வேலை பார்ப்பவனுக்குச் சித்திரை, வைகாசியில் போன் ஓயாது. ஆனால் ஆளைச் சோதிக்கிற போன் எல்லாம் ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும்.

போன கார்த்திகையில் அப்படி ஒரு கல்யாண மண்டபம். ரிமோட்டில் 22 டிகிரி. உள்ளே போனால் உடம்பு சில்லிடுகிறது, ஆனால் நாற்காலிக் கைப்பிடி பிசுபிசுக்கிறது. ஃபால்ஸ் சீலிங்கில் காற்று வரும் ஜன்னல்களைச் சுற்றிக் கறுப்பாகப் பூஞ்சை. முன்வரிசையில் ஒரு பட்டுப்புடவை மேல் சொட்டு விழுந்து பெரிய பஞ்சாயத்தே நடந்திருக்கிறது. மண்டபக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பி, டன் பத்தல. இன்னொரு 10 டன் சேர்த்துப் போட்ருவமா?" என்றார்.

டன் என்பது ஏசியின் குளிர வைக்கும் சக்திக்கான அளவு. அதைக் கூட்டிப் போட்டால் இன்னும் மோசமாகும் என்றேன். நம்பவில்லை.

ஏசிக்கு இரண்டு வேலை. காற்றைக் குளிர வைப்பது ஒன்று, அதிலுள்ள நீராவியைப் பிழிந்தெடுப்பது இன்னொன்று. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 13 டிகிரியில் 11 கிராம்தான். மிச்சம் காயிலில், அதாவது ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில், தண்ணீராக வழிய வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் வடிக்கவே ஒரு டன்னில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செலவாகிறது. ஆனால் டிகிரி பார்த்து மிஷினை ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். மழை மாதத்தில் வெளியே வெயிலே இல்லை, ஈரம் மட்டும் கொட்டிக் கிடக்கிறது. பெரிய மிஷின் சட்டென்று டிகிரியைத் தொட்டுவிட்டுக் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலில் வடியாமல் நின்ற தண்ணீர் திரும்ப ஆவியாகி ஹாலுக்கே வந்துவிடும். டன் கூடக் கூட இந்தக் கூத்து சீக்கிரம் ஆரம்பிக்கும்.

அங்கே இன்னொன்றும் இருந்தது. பந்திக்கூடத்தில் சாம்பார் வாசனை போக மூன்று பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். இடைக்கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அந்த ஃபேன்கள் ஹாலின் குளிர்ந்த காற்றை உறிஞ்ச உறிஞ்ச, வாசல் வழியாக மழைக்காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தால், குளிர்ந்த காற்று போகும் தகரக் குழாயான டக்டின் இன்சுலேஷன் மூட்டுகளில் டேப் பிரிந்து, குளிர்ந்த தகரம் வெளியே தெரிகிறது. ஈரக்காற்று அதில் பட்டுத் தண்ணீராகிறது, சொட்டு அங்கிருந்துதான். டிரெயின் குழாயில் யு-வளைவே இல்லை. ஃபேன் ஓடும்போது அந்தக் குழாய் வழியாகவே காற்றை உள்ளே இழுப்பதால், தண்ணீர் வெளியே போகாமல் தட்டிலேயே தேங்குகிறது.

வளைவு வைத்து, மூட்டுகளை ஒட்டி, ஃபேனைக் கம்ப்ரசரோடு சேர்ந்து நிற்கும்படி மாற்றினேன். இருக்கிற இரண்டு மிஷினும் ஒரே நேரத்தில் ஓடாமல், முதலாவதால் முடியாதபோது மட்டும் இரண்டாவது ஓடும். இடைக்கதவு தானாக மூட ஒரு டோர் குளோசர். புது மிஷின் விற்றிருந்தால் எனக்கு நல்ல காசுதான், என்ன செய்வது.

வேளாங்கண்ணி லாட்ஜ்காரர்களுக்கு வேறு தலைவலி, உப்பு. காயிலின் செம்புக் குழாயும் அதைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியத் தகடான ஃபின்னும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். விரலால் தொட்டால் ஃபின் வெள்ளை மாவாக உதிரும். கோட்டிங் போட்ட காயில் வாங்குங்கள், அவுட்டோரைக் கடல் பார்த்த மாடியில் வைக்காமல் மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள் என்றால் பைப் நீளும், செலவு என்பார்கள். சரி, மாதம் ஒருமுறை கழுவவாவது செய்யுங்கள் என்றால் போர் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். அதுவே உப்பு! குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள், ஐயா.

ஆகஸ்ட் 29 மாதா கோயில் திருவிழாக் கொடியேற்றம். ரூமெல்லாம் நிரம்பிய பிறகு ஏசியைக் கழற்ற முடியாது. ஆடி பிறந்ததும் கூப்பிட்டுவிடுங்கள்.