குரல் 6 மீட்டர் தள்ளி நின்ற காலைப்பொழுது

பக்திப் பாடல் தொகுப்பு ஒன்றின் ஒலிப்பதிவுக்காக மூத்த கர்நாடக இசைப் பாடகி ஒருவர் எங்கள் வடபழனி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்திருந்தார். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்து, மறுபக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பாடத் தொடங்கினார். கச்சேரி மேடைக்குப் பழகியவர்கள் பலரும் அப்படித்தான் பாடுவார்கள் என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை. பாடலின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் ஒரு சங்கதியை (ஒரே வரியை மாற்றிப் பாடும் வடிவத்தை) நான்கு முறை பாடியும் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. சுருதி விலகவில்லை, தாளமும் தப்பவில்லை. ஆனால் பிருகாக்கள் (வேகமாக உதிரும் சுரக் கோவைகள்) அவருக்கே உரிய தெளிவை இழந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. ஐந்தாவது முறை பாதியில் நிறுத்திவிட்டு, “தம்பி, எனக்குப் பின்னாடி நின்னு வேற யாரோ பாடற மாதிரி கேக்குது” என்றார். “வால்யூமைக் கொஞ்சம் கூட்டித் தர்றேம்மா” என்று சொல்லிக் கூட்டினேன். நோய் ஒன்று, நான் கொடுத்த மருந்து வேறொன்று.

தொகுப்பின் முதல் பாடலை முந்தைய இரவு மிக்ஸிங் செய்து முடித்திருந்தேன். அந்த செஷனையே (மென்பொருளில் அந்தப் பாடலின் கோப்பையே) மாதிரியாக வைத்து அன்றைய செஷனைத் திறந்திருந்தேன். மிக்ஸிங்குக்காக 1,024 சாம்பிளில் வைத்திருந்த பஃபரை (கணினி ஒரு முறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டை; சாம்பிள் என்பது ஒலியை எண்ணாக அளந்த ஒவ்வொரு புள்ளி) 256க்குக் குறைத்ததும் ஒலிப்பதிவுக்கான ஏற்பாடு முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். மாஸ்டர் டிராக்கில் இருந்த லிமிட்டரை எடுக்க மறந்திருந்தேன். அந்த லிமிட்டர், உச்ச ஒலி வருவதை முன்கூட்டியே அறிந்து அடக்குவதற்காக, ஒலியை 5 மில்லி விநாடி தன்னிடம் நிறுத்தி வைத்துப் பார்த்த பிறகே வெளியே விடும் வகையைச் சேர்ந்தது. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் 256 சாம்பிள் பஃபர் என்பது 5.3 மில்லி விநாடி. குரல் கணினிக்குள் போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை என இது இரட்டிக்கும். லிமிட்டரின் 5 மில்லி விநாடியும், ஒலியை எண்ணாகவும் எண்ணை மீண்டும் ஒலியாகவும் மாற்றும் கருவிக்கு ஆகும் சிறு நேரமும் சேர்ந்தால் மொத்தம் 17 மில்லி விநாடிக்கு வந்துவிடுகிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். ஆகவே அந்த அம்மையாரின் குரல் அவரிடமிருந்து கிட்டத்தட்ட 6 மீட்டர் தள்ளி நின்று பாடிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ பாடுவது போல் இருக்கிறது என்று அவர் சொன்னதில் மிகையே இல்லை.

பாடுபவருக்குத் தன் குரல் இரண்டு வழிகளில் கேட்கிறது. ஒன்று எலும்பின் வழியாகத் தலைக்குள்ளேயே உடனுக்குடன் கேட்பது, மற்றொன்று ஹெட்போனின் வழியாக வருவது. இரண்டும் கண நேரம் விலகினாலும் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குரல் உள்ளீடற்றதாகிவிடும். விலகல் இன்னும் கூடினால், பாடுபவர் தன்னையறியாமல் ஹெட்போன் குரலுக்காகக் காத்திருக்கத் தொடங்குவார். வேகமான பிருகாவில் ஒவ்வொரு சுரமும் நூறு மில்லி விநாடிகூட நிற்பதில்லை. அந்த இடத்தில் 17 மில்லி விநாடி சிறிய அளவு அன்று. லிமிட்டரை நீக்கி, பஃபரை 64 சாம்பிளுக்கு இறக்கி மீண்டும் பாடச் சொன்னேன். இரண்டாவது டேக்கில் சங்கதி முழுமையாக அமைந்தது. அதற்குச் சற்று முன்பு அவர் ஹெட்போனின் மறுபக்கத்தையும் காதின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முன்பு ஒரு பக்கத்தை அவர் தள்ளிவிட்டிருந்தது பழக்கத்தால் அல்ல, என் ஏற்பாட்டிலிருந்து தப்பிப்பதற்காகவே என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நிகழ்நேர எஃபெக்ட்ஸ் பிளக்-இன்களை (ஒலிப்பதிவு மென்பொருளோடு இணைந்து ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்களை) பற்றி நான் யோசிக்கும் விதமே அந்தக் காலைப்பொழுதோடு மாறிப்போனது. ஒலிப்பதிவுக் கூடங்களில் ரிவெர்ப் (கூடத்தின் முழக்கம்), டிலே (எதிரொலி), கம்ப்ரஸர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது) எல்லாம் தனித்தனிப் பெட்டிகளாக அடுக்கில் இருந்த காலத்தில் இரண்டு ரிவெர்ப் பெட்டிகள் இருந்தால் இரண்டு ரிவெர்ப்தான் கிடைக்கும். எந்த வாத்தியத்துக்கு எதைத் தருவது என்று யோசித்துத்தான் தர முடியும். 1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கியூபேஸ் மென்பொருளுடன், பிளக்-இன்களை இணைக்கும் வி.எஸ்.டி. முறையைக் கொண்டுவந்த பிறகு சாதாரணக் கணினியே அந்தப் பெட்டிகளின் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. எண்ணிக்கைத் தட்டுப்பாடு நீங்கிய பின் மிஞ்சியிருக்கும் தட்டுப்பாடு நேரம் ஒன்றுதான். ஆகவே எஃபெக்டுகளை அவை தரும் ஒலியைக் கொண்டு மட்டும் நான் வகைப்படுத்துவதில்லை. தாமதமாக வந்தால் எது பொறுக்கும், எது பொறுக்காது என்பதே என் முதல் கேள்வி.

தாமதத்தைத் தாராளமாகப் பொறுப்பது ரிவெர்ப். கோயில் மண்டபத்தில் நின்று பாடினாலும் சுவரில் பட்ட குரல் சிறிது நேரம் கழித்தே திரும்பி வருகிறது. ரிவெர்ப் 10 மில்லி விநாடி தாமதித்தால் மண்டபம் சற்றுப் பெரிதானதாகத் தோன்றுமே தவிர, பாடுபவருக்கு இடையூறு எதுவும் நேராது. இதை உணர்ந்த பிறகு என் ஏற்பாடு எளிதாகிவிட்டது. பாடகரின் நேரடிக் குரலைக் கணினிக்குள் அனுப்பித் திரும்பப் பெறாமல், மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்தே ஹெட்போனுக்குத் திருப்பிவிடுகிறேன். கணினியிலிருந்து ரிவெர்பை மட்டும், நேரடிக் குரல் சிறிதும் கலக்காத நிலையில் அனுப்புகிறேன். இரண்டும் பாடகரின் காதில்தான் ஒன்றுசேர்கின்றன. வெறுமையான குரலைக் கேட்டுப் பாடுவது பலருக்குக் கூச்சத்தைத் தரும். ரிவெர்ப் சிறிது இருந்தால் மூச்சு தளர்ந்து குரல் திறக்கும். அந்த ஆறுதலைத் தர பஃபரை அடிமட்டத்துக்கு இறக்கிக் கணினியைத் திணறடிக்க வேண்டிய தேவை இல்லை.

தாமதத்தைச் சிறிதும் பொறுக்காத எஃபெக்டை உதவியாளனாக இருந்த நாள்களிலேயே சந்தித்திருந்தேன், அப்போது அதன் பொருள் முழுதாக விளங்கவில்லை. ஒரு பாடலின் மிருதங்கத்துக்கு உடல் போதவில்லை என்று, அதன் ஒலியில் ஒரு பகுதியைத் தனி பஸ்ஸுக்கு (மென்பொருளில் ஒலியைத் திருப்பி அனுப்பும் பாதைக்கு) அனுப்பி, அங்கே கம்ப்ரஸரில் நன்கு அழுத்தி, நேரடி ஒலியோடு கலந்தோம். உடல் கூடுவதற்குப் பதிலாக, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நாதமே காணாமல் போயிற்று. வலந்தலையில் விரலால் எழுப்பும் மீட்டுச் சொல் மரப்பலகையில் தட்டியது போல் கேட்டது. வாத்தியத்தைக் குறை சொன்னோம், மைக்கை வைத்த இடத்தைக் குறை சொன்னோம், வாசித்தவர் ஊருக்குப் போய்விட்டதால் மறுபதிவும் செய்ய முடியவில்லை. இறுதியில் மூத்த பொறியாளர் கம்ப்ரஸர் எதையும் அழுத்தாதபடி அதன் அளவுகளைத் தளர்த்தி வைத்து, பஸ்ஸின் பொலாரிட்டியைத் தலைகீழாக்கினார், அதாவது ஒலி அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் மாற்றினார். இரண்டு ஒலிகளும் ஒரே நேரத்தில் வந்திருந்தால் ஒன்றையொன்று அழித்து நிசப்தமாகியிருக்க வேண்டும். ஆனால் மிருதங்கம் தெளிவாகக் கேட்டது. அந்த பிளக்-இன் ஒலியை 64 சாம்பிள் பிந்தித் தந்துகொண்டிருந்தது. அன்று எங்களிடம் இருந்த மென்பொருளிலோ தாமதத்தைத் தானே ஈடுகட்டும் வசதி கிடையாது.

அந்த செஷன் 44,100 சாம்பிள் கணக்கில் இருந்தது. அதில் 64 சாம்பிள் என்பது 1.45 மில்லி விநாடி. ஓர் ஒலியையும் அதன் 64 சாம்பிள் பிந்திய நகலையும் கூட்டினால் 344 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம் விழும், அதாவது அந்த அதிர்வெண்ணின் ஒலி அழிந்துபோகும். அதன் மூன்று மடங்கிலும் ஐந்து மடங்கிலும் பள்ளங்கள் தொடர்ந்துகொண்டே போகும். பாடலின் சுருதி 4 கட்டை. 4 கட்டைக்கு உரிய ஷட்ஜத்தின் ஒரு ஸ்தாயி 349 ஹெர்ட்ஸில் இருக்கிறது, அதாவது பள்ளத்தின் விளிம்பிலேயே. மிருதங்கத்தின் மேலொலிகள் வீணைத் தந்தியின் மேலொலிகளைப் போல ஒழுங்கான மடங்குகளில் அமைகின்றன என்பதை சி. வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் காட்டினார். வலந்தலையின் நடுவே கருநிறப் பூச்சாக இருக்கும் கரணைதான் அந்த ஒழுங்கைத் தருகிறது. மற்றத் தோல் கருவிகள் பலவற்றில் இத்தகைய பள்ளம் ஏதோ ஓர் இரைச்சலைக் குறைத்துவிட்டுப் போயிருக்கும். மிருதங்கத்திலோ அது சுருதியையே வெட்டி எடுத்துவிட்டது. அதே கம்ப்ரஸரை நேரடி டிராக்கிலும் போட்டு, விகிதத்தை எதையும் அழுத்தாத 1:1 என்று வைத்து, இரு பாதைகளும் ஒரே அளவு பிந்துமாறு செய்தோம். நாதம் திரும்பி வந்தது. இன்றைய மென்பொருள்கள் இந்த ஈட்டைத் தாமே செய்துவிடுகின்றன என்றாலும், புதிய பிளக்-இன் எதையும் பயன்படுத்தும் முன் பொலாரிட்டியைத் தலைகீழாக்கிப் பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை. தன் தாமதத்தை மென்பொருளுக்குத் தவறாகச் சொல்லும் பிளக்-இன்களையும் பார்த்திருக்கிறேன்.

கணினி திணறி ஒலியில் ‘டிக்’ என்ற சத்தம் விழும்போது உதவியாளர்கள் முதலில் பார்ப்பது மொத்தச் சுமையைக் காட்டும் அளவுமானியை. அது 40 விழுக்காட்டைக் காட்டிக்கொண்டிருக்கும், ஒலியோ உடைந்துகொண்டிருக்கும். 256 சாம்பிள் பஃபரில் கணினி ஒரு விநாடிக்குள் 187 முறைக்கும் மேலாகத் தன் வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும், அதில் ஒரு முறை பிந்தினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். ஒரே டிராக்கில் அடுத்தடுத்துப் போட்ட பிளக்-இன்கள் ஒன்றன் முடிவை வாங்கித்தான் அடுத்தது தொடங்க முடியும் என்பதால், அந்தச் சங்கிலி முழுவதும் பெரும்பாலும் கணினிச் செயலியின் பல கோர்களில் (தனித்தனியே வேலை செய்யும் அலகுகளில்) ஒரே கோரின் மேல் விழுகிறது. மற்ற கோர்கள் சும்மா இருந்தாலும் அதற்குக் கைகொடுக்க முடியாது. ஆகவே மொத்த எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, மிக நீளமான சங்கிலியைக் கண்டுபிடித்து உடைப்பதே பயன் தரும். கோரஸ் குரல்கள் 12 டிராக்கில் இருந்தால் கணினிக்குச் சுமையான கன்வல்யூஷன் ரிவெர்ப் (உண்மையான கூடத்தின் முழக்கப் பதிவைக் கொண்டு இயங்குவது) 12 போடாமல், எல்லாவற்றையும் ஒரே பஸ்ஸுக்கு அனுப்பி அங்கே ஒன்று போடச் சொல்வேன். கணினியின் சுமை குறைவது ஒரு நன்மை. பாடியவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் நின்றதாகக் கேட்பது அதைவிடப் பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன். மற்றபடி ஒலிப்பதிவின்போது வைஃபையை அணைப்பது, மின்சேமிப்பு முறையை நிறுத்துவது போன்றவை எங்கும் செய்யப்படுபவை.

ஒலிப்பதிவு முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையை இளையவர்கள் பலர் தள்ளிப்போடுகிறார்கள். முக்கியமான எஃபெக்டுகளை அவற்றின் ஒலியோடு தனி டிராக்காகப் பிரின்ட் எடுத்து வைப்பதுதான் அது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பாடலுக்குத் தெலுங்கு வடிவம் வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். பழைய செஷன் திறந்தது. ஆனால் அதில் இருந்த 32 பிட் பிளக்-இன்களில் பாதி, 64 பிட்டுக்கு மாறிய எங்கள் கணினியில் இல்லை. வயலினைச் சூழ்ந்திருந்த அந்த ரிவெர்பை இரண்டு நாள் முயன்றும் என்னால் முழுமையாகத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. அவர் ஏமாற்றத்தை வெளிக்காட்டவில்லை, ஆனால் பழைய பாடலை மட்டும் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். அன்று முதல் எஃபெக்ட் இல்லாத ஒலி, எஃபெக்ட் சேர்ந்த ஒலி, பிளக்-இன் அமைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் ஆகிய மூன்றையும் ஒரே கோப்புறையில் சேமிக்காமல் நான் எந்தப் பாடலையும் மூடுவதில்லை.

இப்போது அடிக்கடி எழும் கோரிக்கை வேறு. 1997இல் ஆட்டோ-டியூன் வந்தபோது சுருதித் திருத்தம் பாடி முடித்த பின் செய்யும் வேலையாகவே பெரும்பாலும் இருந்தது. இன்று இளம் பாடகர்கள் பாடும்போதே திருத்தப்பட்ட குரலை ஹெட்போனில் கேட்க விரும்புகிறார்கள். பிளக்-இன் சுரத்தை அடையாளம் காணக் குறைந்தது ஓர் அதிர்வுச் சுழற்சியையாவது பார்க்க வேண்டும். 100 ஹெர்ட்ஸில் பாடும் ஆண் குரலுக்கு அதற்கே 10 மில்லி விநாடி ஆகிவிடும். இது தாமதம் பொறுக்காத வகை என்பதால்தான் நான் தயங்குகிறேன் என்று முதலில் நினைத்திருந்தேன். காரணம் அது மட்டும் அல்ல. தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ என்னும் சுரம்) ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அசைவுதான் அதன் உருவம். 12 சுரத்தானங்களுக்குள் எதையும் இழுத்து நிறுத்தும்படி அமைக்கப்பட்ட திருத்தி அந்த அசைவைப் படிக்கட்டாக்கிவிடும். காதில் படிக்கட்டைக் கேட்கும் பாடகரின் தொண்டையும் சில நிமிடங்களில் படிக்கட்டையே பாடத் தொடங்குவதை நான் கண்ணாடிக்கு இப்பக்கம் இருந்து கவனித்திருக்கிறேன். ஆகவே யாராவது வற்புறுத்திக் கேட்டால் மறுக்காமல் போட்டுத் தருகிறேன். அதற்கு முன்னால், திருத்தம் இல்லாமல், 64 சாம்பிள் பஃபரில், இரு காதிலும் ஹெட்போனுடன் ஒரு முழு டேக் பாடித் தரும்படி கேட்டு வாங்கிப் பதிவு செய்து வைத்துக்கொள்கிறேன்.