கம்பெனியின் கமாண்டன்ட், மதுரையின் கான்சாகிபு

சிப்பாய்க் கலகம் என்றதும் மதுரைப் பிள்ளைகளுக்கு 1857இல் கலகம் வெடித்த மீரட் நினைவுக்கு வருவதற்கு முன் சம்மட்டிபுரம் நினைவுக்கு வரவேண்டும் என்று நம் பள்ளியின் வரலாற்று ஆசிரியர் வற்புறுத்திச் சொல்வார். ஆங்கிலக் கம்பெனியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்டாக உயர்ந்து, பிறகு அதே கம்பெனியை எதிர்த்துக் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்ட யூசுப் கான் என்கிற கான்சாகிபு, தூக்கிலிடப்பட்டு அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. தேனி சாலையில் பேருந்தில் போகும் எத்தனையோ பேர் அந்தத் தர்காவைத் தினமும் கடந்துபோகிறார்கள். கான்சாமேட்டுத் தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

தேர்வில் எப்போதும் வரும் “காரணங்களையும் விளைவுகளையும் விவரி” என்னும் வினாவுக்கு எண் போட்டு விடை எழுத அவர் விடமாட்டார். ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வந்தது என்று எழுதச் சொல்வார். பனையூரில் பிறந்த மருதநாயகம், முஸ்லிமாகி யூசுப் கான் என்ற பெயருடன் கம்பெனிப் படையில் பெயரெடுத்தார். 1754இல் சிப்பாய்களின் தலைமை அவருக்குக் கிடைத்தது. 1758ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியே இருந்துகொண்டு பிரெஞ்சுப் படையை ஓயாமல் அலைக்கழித்தவரும் அவரே. அந்த ஊழியத்துக்குப் பின் 1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சிப் பொறுப்பு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் குத்தகைக்கு அவரிடம் வந்தது. கலகத்தின் வித்து இந்தக் குத்தகையில்தான் இருக்கிறது என்பது ஆசிரியரின் கணிப்பு. எனக்கும் அதுவே சரியாகத் தோன்றுகிறது. படையை நடத்தியவரும், பாளையங்களை அடக்கியவரும், வரி தண்டியவரும், மீனாட்சியம்மன் கோயிலுக்கு மானியம் ஒதுக்கியவரும் ஒரே மனிதராக இருக்கும்போது, சீமை யாருடையது என்ற கேள்வி எழாமல் போகாது. ஆற்காட்டு நவாபு முகமதலி தன்னுடையது என்றார். கம்பெனியும் நவாபின் பக்கம் சாய்ந்து, யூசுப் கான் நவாபுக்கு அடங்கியவரே என்று முடிவு சொல்லிவிட்டது.

“கொடி மாறுனதை அப்புறம் பாப்போம் தம்பி, அதுக்கு முன்னாடி கணக்கு எங்க மாறுச்சுன்னு பாரு” என்று அவர் வகுப்பில் கேட்ட குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

கொடி மாறியது 1763இல். யூசுப் கான் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்திருந்தது. 1763 பிப்ரவரியில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையோ முகமதலியையே கர்நாடகத்தின், அதாவது அன்றைய ஆற்காட்டு ஆட்சிப்பகுதியின், நவாபாக ஏற்றுக்கொண்டது. உதவிக்கு வரமுடியாத ஓர் அரசின் கொடியின்கீழ், மர்ச்சண்ட் என்ற பிரெஞ்சுக்காரரின் சிறு குழுவையும் தம் சொந்தச் சிப்பாய்களையும் மட்டும் நம்பி அவர் நின்றார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கம்பெனிப் படை மதுரைக் கோட்டையை முற்றுகையிட்ட பாடத்தை ஆசிரியர் வகுப்பறையில் நடத்தவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் எங்களை வெளி வீதிகளில் சுற்றி நடத்திக்கொண்டு போனார். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இந்த வீதிகள் ஓடுகின்றன. ஆகவே வெளி வீதியில் நடப்பவர் கோட்டையின் விளிம்பிலேயே நடக்கிறார். பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்தின் கல்லில் எங்கள் ஒவ்வொருவரையும் கைவைத்துப் பார்க்கச் சொன்னார். ஆட்டோக்களின் இரைச்சலுக்கு நடுவே, 1764 ஜூன் 26 அன்று கம்பெனியின் மேஜர் கேம்பெல் தலைமையில் நடந்த பெருந்தாக்குதலையும், மதிலில் ஏற வந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டதையும், மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் உயிரிழந்ததையும் உரக்கச் சொன்னார். எதிரே நின்ற படையிலும் பெரும்பகுதி நம் நாட்டுச் சிப்பாய்களே என்பதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தணிந்தது.

ஆயுதத்தால் முடியாததை முற்றுகைப் பசி முடித்தது. கோட்டைக்குள் தானியம் தீர்ந்து, கட்டுப்பாடு தளர்ந்தது. வெளியிலிருந்து கைகொடுக்கவும் ஆளில்லை. கம்பெனிக்காகப் பூலித்தேவரோடும் மற்றப் பாளையக்காரர்களோடும் பல ஆண்டுகள் போரிட்ட மனிதருக்காக எந்தப் பாளையம் திரண்டு வரும்? யூசுப் கானின் தோல்விக்கு இதுவே ஆழமான காரணம் என்று நான் கருதுகிறேன். துரோகம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அக்டோபர் 13 அன்று, தொழுகையில் இருந்த அவரைத் திவான் சீனிவாசராவும் மர்ச்சண்டும் கூட்டாளிகளும் பிடித்துக் கட்டி எதிரியிடம் ஒப்படைத்தனர். இரண்டு நாள் கழித்து, 15ஆம் தேதி, மதுரைக்கு மேற்கே தூக்கிலிட்டனர். உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லப்படுவதும், கயிறு அறுந்த கதையும் கதைப்பாடல்களில் நெடுங்காலம் வழங்கின.

விளைவுகளை நம் பாடநூல் ஒரே வரியில் முடித்திருந்தது. உண்மையில் அவை நாற்பது ஆண்டுகளுக்குத் தொடர்ந்தன. மதுரை நவாபின் கைக்கு மீண்டது. ஆனால் கம்பெனியின் படையைக் கொண்டு மீட்ட சீமைக்குக் கம்பெனியிடமே கடன்பட வேண்டியிருந்தது. கடனுக்காக வரி வசூல் கைமாறி, இறுதியில் 1801இல் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்குப் போனது. அதே ஆண்டில்தான் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர். சிப்பாய்ப் படைகளின் தலைமை வெள்ளை அதிகாரிகளிடமே நிலைத்தது. நம்மவர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார் பதவி என்றாயிற்று. 1806 ஜூலை 10 அன்று, நெற்றிக்குறி அழிப்புக்கும் தாடி மழிப்புக்கும் தோல் பதித்த புதிய தலைப்பாகைக்கும் எதிராக வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, அவர்களை ஒருசேர நடத்த இன்னொரு கமாண்டன்ட் அங்கே இல்லை. ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் குதிரைப்படை அன்றே கலகத்தை அடக்கிவிட்டது. அதனால்தான் நம் ஆசிரியர் மதுரையையும் வேலூரையும் தனித்தனிப் பாடங்களாக ஒருபோதும் நடத்தியதில்லை.