வரிசையை விட்டு ஓடியவன்

அக்கா மகனுக்கு அடுத்த மாதம் தெக்கோங், சிங்கப்பூர்ப் பையன்கள் கட்டாய ராணுவப் பயிற்சி தொடங்கும் தீவு. தலைமுடி போகப்போகிற சோகத்தில் இருந்தவனைத் தேற்றலாமே என்று போன சனிக்கிழமை செங்காங்கில் அவர்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து '300' படத்தைப் போட்டோம், பாரசீகப் பெரும்படையைக் கணவாயில் மறித்த 300 ஸ்பார்ட்டா வீரர்களின் கதை. நான் என்.எஸ். (தேசிய சேவை) செய்துகொண்டிருந்தபோது, 2007-ல், புக் அவுட் ஆகி முகாமை விட்டு வெளியே வந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி செக்‌ஷன் பையன்களோடு தியேட்டரில் பார்த்த படம் அது. அன்றைக்கு வெளியே வரும்போது எல்லாரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வந்தோம், ஒருத்தனுக்கும் வயிற்றில் சிக்ஸ் பேக் கிடையாது என்றாலும்.

நடுவில், இந்தப் போரைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸைப் படித்துத் தொலைத்துவிட்டேன். அதனால் இந்தத் தடவை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வாயை மூடிக்கிட்டுப் பாருங்க மாமா" என்று அவன் நாலு தடவை சொல்லிவிட்டான்.

இந்தப் படத்தைத் திட்டுகிறவர்கள் எடுத்ததுமே கேட்பது, வெற்று மார்போடு சண்டை போடுகிறார்களே, கவசம் எங்கே என்றுதான். நியாயமான கேள்வி. வெண்கலத்திலோ பல அடுக்குத் துணியிலோ மார்புக் கவசம், முழங்காலுக்குக் கீழே வெண்கலக் காப்பு, இதையெல்லாம் மாட்டிக்கொண்டுதான் கிரேக்கக் காலாள் போருக்குப் போனான். ஆனால் எனக்கு இதில் பெரிய கோபம் இல்லை. கிரேக்கர்களே தங்கள் ஜாடிகளில் வீரர்களை அம்மணமாக வரைந்து வைத்திருக்கிறார்கள், ஆக முதல் பொய் அவர்களுடையது. (நம் முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு நிற்கும் யவனர் வருகிறார்கள். காலமும் இடமும் வேறுதான், ஆனாலும் புலவர் அவர்கள் போட்டிருந்த 'மெய்ப்பை'யைக் கவனித்துச் சொல்கிறார். நம்ம ஆள் பாடிய யவனனுக்குச் சட்டை இருந்தது, ஹாலிவுட் யவனனுக்கு இல்லை.)

பாரசீக மன்னன் செர்க்சஸை மொட்டைத் தலையும் மூக்குத்தியுமாக ராட்சச உயரத்தில் காட்டியதும் அப்படித்தான். பாரசீகத் தலைநகர் பெர்செபொலிஸின் சிற்பங்களில் பாரசீக மன்னர்கள் நீளத் தாடியோடு நிற்கிறார்கள். சரி, காமிக்ஸிலிருந்து எடுத்த படம், விட்டுவிடலாம். எதிரிப் படையின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னதும் படம் கண்டுபிடித்ததல்ல, காலாட்படை மட்டுமே 17 லட்சம் என்று ஹெரோடோட்டஸ் கூசாமல் எழுதியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், படத்தில் எது சுத்த சினிமா வசனம் என்று நினைக்கிறோமோ அதுதான் பழைய ஏட்டில் இருக்கிறது. அம்புகள் சூரியனையே மறைக்கும் என்று மிரட்டினால், நல்லது, நிழலில் சண்டை போடலாம் என்று பதில் வருகிறதே, அது டியனெக்கெஸ் என்ற ஸ்பார்ட்டக்காரன் சொன்னதாக ஹெரோடோட்டஸ் எழுதியது. பாரசீகத் தூதனைக் கிணற்றில் தள்ளியதும் நடந்ததுதான், ஆனால் அந்தத் தூதர்கள் செர்க்சஸின் அப்பா டேரியஸ் அனுப்பியவர்கள். அந்தக் கதி ஆனதால் மகன் ஸ்பார்ட்டாவுக்குத் தூதே அனுப்பவில்லை.

எனக்கு உறுத்தியது இரண்டு இடங்கள். ஒன்று, தலைப்பிலேயே இருக்கிற அந்த 300. கி.மு. 480-ல் தெர்மோபிலே கணவாய்க்கு வந்த கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர். கடைசி நாளில் மற்றவர்களைத் திருப்பி அனுப்பியபோது தெஸ்பியா என்ற சின்ன ஊரின் 700 பேர் போகமாட்டோம் என்று நின்று, ஸ்பார்ட்டா ராஜா லியோனிடாஸோடு சேர்ந்து செத்தார்கள். ஸ்பார்ட்டக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். படத்தில் அவர்கள் பேரே இல்லை. கூட வந்த மற்ற ஊர்க்காரர்கள் குயவர், சிற்பி, கொல்லர் என்று சிரிப்புக்கு ஆளாகி, கடைசியில் நடையைக் கட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவதுதான் பெரியது, கேடயம். படையில் சேரக் கேட்டு வரும் கூன் விழுந்த எஃபியால்ட்டீஸிடம் லியோனிடாஸ் சொல்வார்: ஒவ்வொருவனும் தன் இடப்பக்கத்தவனைத் தொடையிலிருந்து கழுத்து வரை கேடயத்தால் காக்கிறான், உன்னால் அவ்வளவு உயரம் தூக்க முடியாது, அதனால் உனக்கு இடமில்லை. ரொம்பச் சரி, கிரேக்கப் போர்முறையின் சாரமே அதுதான். முதல் மோதலில் கேடயத்தோடு கேடயம் சேர்த்துத் தள்ளுகிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். அப்புறம் ஸ்லோ மோஷன் ஆரம்பிக்கிறது, ராஜாவே தனியாக ஓடி ஒவ்வொருத்தனாகக் குத்திச் சாய்க்கிறார், காற்றில் சுழன்று குதிக்கிறார்கள். எஃபியால்ட்டீஸை எந்தக் காரணத்துக்காக விரட்டினார்களோ அது போன இடம் தெரியவில்லை.

அந்தக் கேடயம் குறுக்கே கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர், எடை 7 கிலோ பக்கம். நடுவில் உள்ள பட்டைக்குள் முழங்கை வரை இடக்கையை நுழைத்து, ஓரத்தில் உள்ள பிடியைப் பற்றிக்கொள்ள வேண்டும். "ஏழு கிலோ ஒரு விஷயமா?" என்றான் மருமகன். எழுந்து போய் 5 கிலோ அரிசிப் பையையும் 2 லிட்டர் எண்ணெய்ப் போத்தலையும் ஒரு துணிப்பையில் போட்டு அவன் இடது முழங்கையில் மாட்டி, கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து நில் என்றேன். ஒரு நிமிஷம் சிரித்தான், இரண்டாவது நிமிஷம் தோள் இறங்கியது, மூன்றாவதுக்கு முன்னால் பை தரையில். (கேடயம் குழிவாக இருப்பதால் அதன் விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொள்ளலாம், அரிசிப் பையில் அந்த வசதி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன்.) அக்கா சமையலறையிலிருந்து, "அரிசியை வெச்சு என்னடா விளையாட்டு ரெண்டு பேருக்கும்!" என்று கத்தினாள்.

கேடயத்தின் நடுவில் முழங்கை இருந்தால் அதில் பாதி உன் உடம்பைத் தாண்டி இடப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பாதி பக்கத்தவனுக்கு. உன் வலப்பக்கம் திறந்து கிடக்கும், அதை மூட வலப்பக்கத்தவன் ஒட்டி நிற்க வேண்டும். அதனால்தான் படை முன்னேறும்போது ஒவ்வொருத்தனும் வலப்பக்கத்தவனின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்த்து, மொத்த வரிசையும் வலது பக்கமாக நகர்ந்துகொண்டே போகும் என்று கி.மு. 418-ல் நடந்த மாண்டினியா போரைப் பற்றி இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அணிவகுப்புத் திடலில் "கெ கானான் லூருஸ்" என்று சார்ஜன்ட் மலாயில் கத்தியதும் எல்லாரும் வலது பக்கம் தலையைத் திருப்பி, பொடிப் பொடி அடியாக நகர்ந்து வரிசை சேர்ப்பது. காரணம் வேறு, பார்க்கிற பக்கம் ஒன்று. அதே போரில் ஸ்பார்ட்டக்காரர்கள் குழல் ஊதுகிறவர்களை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்களாம், அடி பிசகி வரிசை உடையக் கூடாதே என்று. ஓடி வரவில்லை, கவனியுங்கள்.

கேடயத்தைக் களத்தில் விட்டுவிட்டு வந்தவனுக்கு மட்டும் ஏன் அவமானம், தலைக்கவசத்தை விட்டுவிட்டு வந்தவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டதற்கு, தலைக்கவசம் அவனவனுக்கு, கேடயம் வரிசைக்கு என்று ஸ்பார்ட்டா ராஜாவாக இருந்த டெமராட்டஸ் சொன்னதாகப் பிற்காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

படத்தில் கதை சொல்லும் ஒற்றைக்கண் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அடிப்படை அரிஸ்டோடெமஸ் என்ற நிஜ மனிதன். கண் நோயால் தெர்மோபிலே சண்டையில் இல்லாமல் போய், உயிரோடு ஊர் திரும்பினான். அவனோடு ஒருத்தரும் பேசவில்லை, அடுப்புப் பற்றவைக்க நெருப்புக்கூடத் தரவில்லை, 'நடுங்கி' என்று பட்டப்பெயர் வேறு. அடுத்த வருஷம் பிளாட்டியா போரில் அந்தக் களங்கத்தைக் கழுவ வரிசையை விட்டு முன்னே பாய்ந்து, வெறிபிடித்தவன் மாதிரி சண்டை போட்டுச் செத்தான். எல்லாரையும்விட அவன்தான் வீரன் என்பது ஹெரோடோட்டஸின் கட்சி. ஸ்பார்ட்டக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சாகவேண்டும் என்றே தன் இடத்தை விட்டு ஓடினவன், அவனுக்கு மரியாதை கிடையாது என்றுவிட்டார்கள். பொறாமையில் சொல்லியிருப்பார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். இருக்கலாம். ஆனால் படம் முடிகிற இடமே பிளாட்டியாதான், அங்கே நம்ம ஒற்றைக்கண் ஆள் படைக்கு முன்னால் பாய்ந்து ஓடுவதைத்தான் உச்சக்கட்டப் பெருமையாகக் காட்டுகிறார்கள்.

மருமகன் ஒரு நிமிஷம் யோசித்தான். "அப்ப அவனுக்கு மெடல் கிடையாதா?"

"எங்க கேம்ப்பா இருந்தா தண்டனையா சைன் எக்ஸ்ட்ரா வாங்கியிருப்பான்."

"சைன் எக்ஸ்ட்ரான்னா என்ன மாமா?"

"அடுத்த மாசம் தெரிஞ்சுக்குவே" என்றேன்.