ரியால்தோ பாலம்: சேற்றில் ஊன்றிய ஒற்றை வளைவு

வெனிஸ் போகிறவர்கள் பெரும்பாலும் ரியால்தோ பாலத்தின் உச்சிக்கு ஏறி, நெரிசலில் நாலு படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் மேலே நின்றால் நகரின் முக்கிய நீர்வழியான பெருங்கால்வாய்தான் தெரியும், பாலம் தெரியாது. பாலத்தைப் பார்க்கத் தெற்கே, சான் போலோ என்ற பகுதியின் கரையிலுள்ள ரீவா தெல் வின் நடைபாதைக்கு வாருங்கள். விடிந்ததும் வந்துவிட்டால் நல்லது. பத்து மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது.

அங்கிருந்து பார்த்தால் ஒரே கல்வளைவு, நடுவில் தூணே இல்லாமல், 28 மீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தைத் தாண்டுவது தெரியும். அடியில் படகு போக விட்டிருக்கும் உயரம் ஏழு மீட்டர் சொச்சம். இப்படித் தாழ்வாக வளைத்த வளைவில் கல்லின் பாரம் நேராகக் கீழே இறங்காது; இரு கரைகளையும் வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளும். தாங்கப் பாறையும் இல்லை, வெறும் சேறு. 1588இல் வேலையைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் அந்தோனியோ தா போந்தே இதற்குத்தான் முதலில் வழி கண்டார். சுமார் 12,000 மரமுளைகளைச் சேற்றில் நெருக்கமாக அடித்தார். அவற்றின் தலைகளை ஒரே மட்டமாக வெட்டாமல், கால்வாயை ஒட்டித் தாழ்வாகவும் பின்னால் போகப் போக உயரமாகவும் படிகளாக விட்டார். அதன்மேல் கட்டுமான வரிசைகளைச் சாய்த்து அடுக்கினார். தள்ளுவிசை ஒவ்வொரு வரிசையின் சாய்ந்த முகத்துக்கும் செங்குத்தாக விழுவதால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதில்லை. கனமான வண்டியைத் தள்ளுகிறவர் பின்காலைச் சாய்த்து ஊன்றுவாரே, அதே உத்தி. நீருக்கடியில் சேற்றுக்குள் காற்று போகாததால் மரம் உளுத்துப் போகவில்லை. 1591இல் முடிந்த பாலம் இன்றும் அதே முளைகள்மேல்தான் நிற்கிறது.

அதற்கு முன் இங்கே இருந்தவை மரப்பாலங்கள். 1444இல் படகு ஊர்வலம் பார்க்கக் கூடிய கூட்டத்தின் பாரம் தாங்காமல் ஒன்று முறிந்தது. 1524இல் மறுபடியும் விழுந்தது. 1854 வரை பெருங்கால்வாயின் குறுக்கே வேறு பாலமே கிடையாது.

பாலத்தின் மேல் மூன்று நடைவழிகள். நடுவழியின் இருபுறமும் கடைகள். கால்வாய் தெரிய வேண்டுமென்றால் கைப்பிடிச் சுவரை ஒட்டிய ஓர வழியில் போங்கள். முழுக்கப் படிகள்தான், சரிவுப்பாதை இல்லை. பெரிய பெட்டியோடு வந்தாலோ சக்கர நாற்காலியில் வந்தாலோ ஏற முயல வேண்டாம். ரியால்தோ மெர்காத்தோ நிறுத்தத்தில் 1ஆம் எண் நீர்ப்பேருந்தைப் பிடித்தால் அடுத்த நிறுத்தமான 'ரியால்தோ' எதிர்க்கரையில்தான். படிகளில் உட்கார்ந்து சாப்பிடுவது குற்றம், அபராதம் உண்டு.

பெட்டி இல்லாதவர்களும் அந்த ஒரு நிறுத்தப் பயணத்தை விடக்கூடாது. படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து போகிறது. தலை நிமிர்ந்து பாருங்கள்: இரு கரையிலிருந்தும் எழுந்து வரும் கல்வரிசைகள் உங்கள் தலைக்கு நேர்மேலே ஒன்றையொன்று முட்டி நிற்கும். வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்தால், தெற்கு முகத்தின் நடுக்கல்லில் சிறகு விரித்த ஒரு புறா.