கண்ணில் விளக்கெண்ணெய்

கரூரில் என் மாமா வைத்திருந்த ஒர்க்‌ஷாப்பில் நான் முதலில் கற்றுக்கொண்ட வேலை, பிரேக்கில் காற்று எடுப்பது, அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றைத் திரவத்தோடு வெளியே தள்ளுவது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்பாசிடரின் முன் இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்தால்தான் கால் பெடலைத் தொடும். மாமா ஸ்பேனரோடு சக்கரத்தடியில் படுத்திருப்பார். அங்கிருந்து குரல் மட்டும் வரும்: “அமுக்கு. பிடி. விடாதே. ம்... இப்போது விடு.” ஒவ்வொரு முறையும் சக்கரத்தடியில் காற்றை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளிலிருந்து ஒரு சீறல் கேட்கும். சீறல் நின்று, திரவம் மட்டும் வரும்போது அடுத்த சக்கரம்.

ஒருநாள் பிரேக் திரவ டப்பாவைச் சாய்த்து மட்கார்டின்மேல் கொட்டிவிட்டேன். மாமா அடிக்கவில்லை, ஆனால் துணியால் துடைத்துத் தண்ணீர் ஊற்றும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். “பெயிண்டைத் தின்றுவிடும்டா, மாப்பிள்ளை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டாமா?” எண்ணெய் எப்படிப் பெயிண்டைத் தின்னும் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. பட்டறையில் எல்லோரும் அதை ‘பிரேக் ஆயில்’ என்றுதான் சொல்வார்கள். அது ஆயிலே இல்லை, கிளைக்கால் வகைத் திரவம், தண்ணீரோடு கலந்துவிடும், திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதெல்லாம் சென்னையில் விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டவை. தெரிந்தும் வாயில் வந்தது ‘பிரேக் ஆயில்’தான். இன்றும் அப்படித்தான்.

படிப்பு முடிந்து வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் பெரிய விமானங்களோடு போயின. அங்கே ஹைட்ராலிக் திரவம், அதாவது அழுத்தத்தைக் கடத்திப் பாகங்களை இயக்கும் திரவம், என்றால் ஸ்கைட்ரால்: ஊதா நிறம், பாஸ்பேட் எஸ்டர், எளிதில் தீப்பிடிக்காது. தோலில் பட்டால் எரியும். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டவர்தான் சொல்ல வேண்டும், நான் பட்டிருக்கிறேன். கால் மணி நேரம் தண்ணீரில் கண்ணைக் கழுவிய பிறகு, கேரளத்துக்காரரான ஒரு மூத்த மெக்கானிக் தன் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். எரிச்சல் மெல்ல அடங்கியது. என்ன மருந்து என்று கேட்டேன். ஆமணக்கெண்ணெய். ஸ்கைட்ராலோடு புழங்கும் பழைய ஆட்களிடம் இந்த வைத்தியம் நெடுங்காலமாக இருக்கிறது. ‘கண்ணில் விளக்கெண்ணெய்’ என்று மாமா சொன்னதை இவ்வளவு நேரடியாக நிறைவேற்றுவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இப்போது அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சிறிய விமானத் தளத்தில் வேலை செய்கிறேன். மூன்று ஹேங்கர்கள், ஒரு ஓடுபாதை, சுற்றிலும் சோளம். பெரிய விமானங்களை விட்டுவிட்டு இங்கே ஏன் வந்தாய் என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். ஒரு விமானத்தை முழுவதும் ஒரே ஆள் கையால் தொட்டுப் பார்க்க முடிவது இங்கேதான் என்பது என் பதில். யாரையும் அது திருப்திப்படுத்தியதில்லை.

போன ஜனவரியில் ஒரு செஸ்னா 140 வந்தது. 1946இல் கட்டியது. போர் முடிந்த கையோடு, வீடு திரும்பும் விமானிகளெல்லாம் சொந்த விமானம் வாங்குவார்கள் என்ற நம்பிக்கையில் செஸ்னா அந்த ஆண்டு சந்தைக்கு விட்ட இரண்டு இருக்கை வண்டி. உடல் அலுமினியத் தகடு, இறக்கைக்குத் துணிப் போர்வை, 85 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், முன்னால் இரண்டு சக்கரம், வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். உரிமையாளருக்கு எண்பதை ஒட்டிய வயது. இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். அவரைப் பெயர் சொல்லி அழைக்க என் நாக்குக்கு இரண்டு வருடம் பிடித்தது.

“இடது பிரேக் விடுவதில்லை” என்றார். பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது, தரையில் உருளும்போது மூக்கு இடப்பக்கம் ஓடுகிறது என்றார்.

வாலில் சக்கரம் உள்ள விமானத்துக்கு இது சின்னக் குறை இல்லை. அதன் எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பக்கம் இழுத்தால், பின்பாரம் முன்னே வரப் பார்த்து வட்டமடித்துவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து அழுத்திப் பிடித்தால் மூக்கு குத்தும். செஸ்னா 140கள் அப்படிக் குத்தியது போதும் என்றுதான் சக்கர அச்சைச் சில அங்குலம் முன்னே தள்ளும் கட்டைகளைப் பின்னாளில் பல விமானங்களில் பொருத்தினார்கள். இவருடையதிலும் இருக்கிறது. பிரேக்கையும் முன்பே யாரோ மாற்றியிருந்தார்கள்: பழைய குட்இயர் பிரேக் போய், கிளீவ்லாந்து என்ற நிறுவனத்தின் டிஸ்க் பிரேக் வந்திருந்தது.

இந்த விமானத்தில் ஒவ்வொரு பெடலுக்கும், மிதிக்கும்போது திரவத்தைச் சக்கரத்துக்குத் தள்ளும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர். அதன் தலையிலேயே திரவத்துக்குச் சின்னத் தொட்டி. இடது பக்கத்தைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு ஜாம் பாட்டிலில் வடித்தேன். விமான பிரேக் எண்ணெய் சிவப்பாக வர வேண்டும். வந்தது செங்கல் நிறக் கலங்கல். பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். திரும்பி வந்தபோது பாட்டிலுக்குள் கோடு போட்டது போல இரண்டு அடுக்கு: மேலே தெளிந்த சிவப்பு, கீழே தேன் நிறம். மேலடுக்கில் ஒரு சொட்டெடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டேன், வட்டமாக மிதந்தது. கீழடுக்கிலிருந்து குழலால் உறிஞ்சி ஒரு சொட்டு விட்டேன். தண்ணீரோடு கலந்து காணாமல் போனது. முகர்ந்தும் பார்த்தேன். கரூர்.

உரிமையாளரைக் கூப்பிட்டுப் பாட்டிலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். இரண்டு கோடைக்கு முன்பு வெளியூர் போனபோது பெடல் தாழ்ந்திருக்கிறது. ஊருக்குள் கார் உதிரிபாகக் கடை ஒன்றுதான் திறந்திருந்தது. “பிரேக் திரவம் என்றுதானே டப்பாவில் போட்டிருந்தது?”

அவர் தானே திரவம் ஊற்றியது சட்ட மீறல் இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். அமெரிக்க விமான விதிகளின் 43ஆம் பகுதி, விமானி தன் சொந்த விமானத்துக்குத் தானே செய்துகொள்ளக்கூடிய சில்லறை வேலைகளைப் பட்டியலிடுகிறது. ஹைட்ராலிக் தொட்டியில் திரவம் நிரப்புவது அதில் ஒன்று. பிரேக்கைப் பிரித்தால் எங்களிடம் வர வேண்டும். ஊற்ற மட்டும் யாரும் தேவையில்லை. ஆனால் கெடுவது அந்த ஊற்றலில்தான்.

திரவம் என்பது அதைத் தாங்கும் ரப்பரைப் பொறுத்தது. டப்பாவைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயமே இல்லை இது. மிகப் பழைய விமானங்களில் நீல நிறத் திரவம் ஒன்று இருந்தது, மில்-எச்-7644 என்று பெயர். ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும்தான் சரக்கு; இங்கேயும் நம் விளக்கெண்ணெய்! அதற்குக் கசிவைத் தடுக்கும் சீல் இயற்கை ரப்பரில். பிறகு வந்தது பெட்ரோலியத்தில் செய்த சிவப்பு எண்ணெய், மில்-எச்-5606. அதற்கு நைட்ரைல் ரப்பர். ஊதா ஸ்கைட்ராலுக்கு இன்னொரு வகை ரப்பர். கார் திரவத்துக்கும் நைட்ரைல் ஆகாது. ஒன்றின் வீட்டில் இன்னொன்று குடிபுகுந்தால் ரப்பர் உப்பும், இளகும், உதிரும். பழைய விமானத்தில் எந்த ரப்பர் இருக்கிறது என்பதை அதன் வயதை வைத்துச் சொல்லவும் முடியாது. எண்பது ஆண்டுகளில் எத்தனை கை மாறியது, எதை மாற்றிப் போட்டார்கள் என்பதை, விமானத்தில் செய்த வேலைகளை எழுதி வைக்கும் லாக் புத்தகத்தில் தேட வேண்டும். நான் இரண்டு இரவு தேடினேன். அந்தக் காலக் காகிதங்களில் 5606 என்ற எண்ணே இருக்காது, ஏஎன்-விவி-ஓ-366 என்று இருக்கும். அதே சிவப்பு எண்ணெயின் முன்னோர். கிளீவ்லாந்து பொருத்திய பக்கம் கிடைத்த பிறகுதான் மூச்சு வந்தது: நைட்ரைல், சிவப்பு எண்ணெய், சந்தேகமில்லை.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, பிஸ்டனிலிருந்த ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை எடுத்தேன். புது ஓ-ரிங் ஒன்றை உறையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். புதியது விரலால் நசுக்கினால் துள்ளித் திரும்பியது. பழையது ஒரு சுற்றுப் பருத்திருந்தது. நகத்தை அழுத்தினால் நகத்தின் தடம் அப்படியே நின்றது. பருத்த வளையம் பிஸ்டனைக் கவ்விக்கொண்டால் பிரேக் எப்படி விடும்? உரிமையாளரின் கையில் அதைக் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள், காலிப்பரின் ஓ-ரிங்குகள், வளையும் ஹோஸ் குழாய் என்று திரவம் தொட்ட ரப்பர் ஒன்றையும் விடவில்லை. உலோகக் குழாய்களை முதலில் ஆல்கஹாலால் கழுவினேன், கிளைக்கால் கரைந்து போவதற்கு. காற்றடித்து உலர்த்தி, பிறகு பெட்ரோலியக் கரைப்பான், மறுபடி காற்று, கடைசியாகச் சிவப்பு எண்ணெயை ஓடவிட்டுக் கொட்டினேன். வலது பக்கத்தில் சிவப்பு மட்டுமே வடிந்தது. இருந்தும் அதையும் பிரித்தேன். அந்த நேரத்துக்கு நான் பணம் வாங்கவில்லை என்பது என் முதலாளிக்குத் தெரியாது.

எதை ஊற்றுவது என்பதில் இன்னொரு தெரிவும் இருந்தது. 83282 என்றொரு செயற்கைத் திரவம் உண்டு. அதுவும் சிவப்புதான், அதே ரப்பருக்கு ஒத்துப்போகும், 5606உடன் கலந்தாலும் கெடுதல் இல்லை. 5606 தீப்பற்றும் வெப்பநிலைக்குக் கீழ்வரம்பு 82 டிகிரி செல்சியஸ், 83282க்கு 205. சூடான டிஸ்க்கின்மேல் கசியக்கூடிய ஒன்றுக்கு இந்த வித்தியாசம் பெரியது. சூடான ஊரில், ஓயாமல் இறங்கி ஏறும் பயிற்சி விமானம் என்றால் யோசிக்காமல் அதைத்தான் ஊற்றுவேன். ஆனால் கடுங்குளிரில் அது 5606ஐவிடக் கெட்டியாகிவிடும். இந்தப் பெரியவர் ஹீட்டர் இல்லாத ஹேங்கரில் விமானத்தை வைத்துக்கொண்டு, பனிக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பக்கத்துத் தளத்துக்குப் பறப்பவர். பிரேக்கைச் சூடாக்கும் அளவுக்கு ஒருநாளும் ஓட்டியதில்லை. 5606தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்து காற்று எடுக்க வேண்டும். இங்கே நான் செய்த முட்டாள்தனத்தை மறைக்கப் போவதில்லை. கை தன் பழக்கத்துக்குப் போனது. உரிமையாளரை இருக்கையில் உட்கார வைத்து, சக்கரத்தடியில் படுத்து, அமுக்கு, பிடி, விடு என்று மாமாவாகவே மாறிவிட்டேன். முக்கால் மணி நேரம். பெடல் பஞ்சு மாதிரியே இருந்தது. விமானத்தின் மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் எண்ணெய் மிகக் குறைவு. மெல்லிய குழாயில் ஒரு குமிழி கீழே நகரும், மிதியை விட்டதும் மறுபடி மேலே ஏறிவிடும். குமிழி ஏற விரும்புகிறது; நான் அதை இறக்கப் பார்க்கிறேன்.

ஆகவே முறைப்படி, கீழிருந்து மேலே. நெம்புகோல் வைத்த எண்ணெய்க் குவளையில் புது 5606ஐ முந்தின நாளே ஊற்றி வைத்திருந்தேன், ஊற்றும்போது புகுந்த காற்று தானாக வெளியேறட்டும் என்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் காற்றில்லாமல் எண்ணெய் நிரப்பி, காலிப்பரின் அடி நிப்பிளில் மாட்டினேன். மேலே தொட்டியின் மூடியைக் கழற்றி, அங்கே இன்னொரு குழாயைத் திருகி, அதன் மறுமுனையை ஒரு பாட்டில் எண்ணெயில் மூழ்க வைத்தேன். நிப்பிளைத் திறந்து நெம்புகோலை அழுத்தினேன். அசையவில்லை. பலமாக அழுத்தினேன். குழாய் நிப்பிளிலிருந்து கழன்று, சிவப்பு எண்ணெய் என் முகத்தில் பீய்ச்சியது.

கண்ணாடி போட்டிருந்தேன், தப்பித்தேன். தலையை உயர்த்தி கேபினுக்குள் பார்த்தால், பார்க்கிங் பிரேக்கின் கைப்பிடி இழுத்தபடி இருக்கிறது. விமானம் உருளாமல் இருக்கட்டும் என்று உரிமையாளர் உதவி செய்திருக்கிறார். பிரேக் பிடித்திருக்கும்போது தொட்டிக்குப் போகும் துளை மூடிக்கொள்ளும். எண்ணெய்க்கு மேலே போக வழியே கிடையாது. குற்றம் அவருடையது இல்லை. தொடங்கும் முன் அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கைப்பிடியை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மீண்டும் தொடங்கினேன். இப்போது நெம்புகோல் வெண்ணெய்போல் இறங்கியது. உரிமையாளர் பாட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு எண்ணிக்கொண்டிருந்தார்: பெரிய குமிழி, கடுகளவுக் குமிழிகள், பிறகு ஒன்றுமில்லை. நிப்பிளை இறுக்கி, பெடலை மிதித்தேன். முன்னைவிட நன்றாக இருந்தது. ஆனால் முதல் ஒரு அங்குலம் இன்னும் வெறுமையாகப் போனது.

வால் தரையில் இருக்கும்போது இந்த விமானம் வானத்தைப் பார்த்து நிற்கிறது, மாஸ்டர் சிலிண்டரும் அதோடு சாய்ந்திருக்கிறது. சாய்ந்த சிலிண்டரின் உயர்ந்த மூலையில் காற்று ஒளிந்துகொள்ள இடமுண்டு. ஆளைக் கூப்பிட்டு வாலைத் தூக்கி, பறக்கும்போது இருப்பதுபோல் உடலைக் கிடைமட்டமாக்கி, மெத்தை சுற்றிய மரத் தாங்கியில் வைத்தோம். நான்கு முறை நெம்புகோலை இறக்கியதும் பாட்டிலில் ஒரே ஒரு குமிழி வந்தது, நெல்லிக்காய் அளவில். அதன் பிறகு பெடல் கல்.

தொட்டியை வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டேன், சூட்டில் எண்ணெய் விரிவதற்கு. மூடியிலுள்ள ஊசித் துளையில் கம்பியை விட்டுப் பார்த்தேன். அது அடைத்துக்கொண்டாலும் பிரேக் விடாது. பாட்டிலில் சேர்ந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றாமல் கழிவில் சேர்த்தேன். மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டினேன்: ‘மினரல் ஆயில் 5606 மட்டும்.’ லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஓடுபாதையில் உருட்டிப் பார்த்துவிட்டு உரிமையாளர் திரும்பி வந்தார். நேராக வந்தார், அதுதான் நான் பார்க்க விரும்பியது.

அன்று இரவு மாமாவுக்குத் தொலைபேசினேன். இப்போது பட்டறையை அவர் மகன் பார்த்துக்கொள்கிறார். மாமா கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதோடு சரி. எல்லாவற்றையும் சொன்னேன், கீழிருந்து மேலே தள்ளியதுவரை.

“மொத்தம் எவ்வளவு ஆயில் பிடித்தது, மாப்பிள்ளை?”

“இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு லிட்டர்கூட இல்லை, மாமா.”

“அதற்கு எத்தனை நாள்?”

“ஏழு.”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“வாலை யார் தூக்கிப் பிடித்தது?” என்று கேட்டார்.