எண்ணத் தொடங்கும் முன் கண்டறிய வேண்டிய தசை

பிரசவமான பெண்களுக்குச் சிறுநீர்க் கசிவைக் கட்டுப்படுத்த, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைக்கான பயிற்சியைக் கற்றுக்கொடுப்பது பிசியோதெரபிஸ்டாகிய என் வேலையின் ஒரு பகுதி. முதல் இரண்டு ஆண்டுகளில் அதை எப்படிச் செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் பேறுகால வார்டுக்குள் போவேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டோ, இரவெல்லாம் தூங்காத களைப்பில் கண் செருகியபடியோ இருக்கும் பெண்ணின் கட்டிலருகே நின்று, சிறுநீரை அடக்குவதுபோல் கீழே இறுக்கிப் பிடியுங்கள், பத்து வரை எண்ணிவிட்டு விடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை செய்யுங்கள் என்று சொல்லி, படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவேன். புரிந்ததா என்று கேட்டால் எல்லோருமே தலையசைத்தார்கள். அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதற்கு அதுவே போதுமான சான்று என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை உடைந்தது ஒரு பெண் பத்தாவது வாரத்தில் திரும்பி வந்தபோது. "நீங்க சொன்னபடி ஒரு வேளைகூட விடாம செஞ்சேன் மேடம். இருமினா முன்னைவிட அதிகமாத்தான் கசியுது" என்றார். அவர் குரலில் என்மேல் குறையில்லை. தன் உடம்பின்மேல்தான் குறை இருந்தது. அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு, பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை இறுக்கி, முழுப் பலத்தையும் கீழ்நோக்கிச் செலுத்தினார். பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே மேலேறுவதற்குப் பதிலாக வெளியே புடைத்தது. பிரசவ அறையில் முக்கியதைப் போலவே முக்கிக்கொண்டிருந்தார். பத்து வாரங்களாக, ஒரு நாளைக்கு மூன்று வேளை, பலவீனமாகிப் போயிருந்த தசையை இன்னும் கீழே தள்ளிக்கொண்டிருந்தார், நான் சொன்னதன் பேரில்.

அன்று மாலையே படிக்கத் தொடங்கினேன். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சுருக்கமாக வாய்மொழியில் மட்டும் விளக்கம் பெற்ற 47 பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் தசையைச் சரியாகச் சுருக்கினார்கள் என்றும், கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவை மேலும் தூண்டக்கூடியதாகவே இருந்தது என்றும் கண்டிருந்தார்கள். நான் கட்டிலருகே நின்று கொடுத்ததும் அதே சுருக்கமான விளக்கம்தான். இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இந்தப் பயிற்சியை 1948இல் மருத்துவ உலகுக்கு விரிவாக எடுத்துச் சொன்ன அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல், வெறும் சொல்லால் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்த்துத் தசை சுருங்குகிறதா என்று உறுதி செய்தார். அழுத்தத்தை அளந்து அந்தப் பெண்ணின் கண்ணுக்கே காட்டும் பெரினியோமீட்டர் என்ற கருவியையும் உருவாக்கினார். அவர் பெயரைச் சூட்டிக்கொண்டு பரவிய பயிற்சியில் இறுக்குவதும் எண்ணுவதும் மட்டும் நின்றுவிட்டன; சரிபார்ப்பது பெரும்பாலும் விடுபட்டுப்போயிற்று.

இந்தத் தசையைக் கண்டறிவது ஏன் இவ்வளவு கடினம் என்று யோசித்தபோது, கையையோ காலையோ பயிற்றுவிப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புரிந்தது. முழங்கையை மடக்கினால் மடங்குவதைப் பார்க்கலாம். இங்கே கண்ணுக்குத் தெரியும் மூட்டு எதுவும் அசைவதில்லை. முன்னால் பூப்பு எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்புவரை ஒரு தூளியைப்போல் தொங்கி, சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்குகிற தசைத்தொகுதி இது. சுகப்பிரசவத்தின்போது குழந்தையின் தலை வெளிவருகையில் இதன் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுகிறது என்று கணினி மாதிரிகளைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். இதற்கு உணர்வும் இயக்கமும் தரும் நரம்பும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. ஆகவே பிரசவமான மறுநாள் ஒரு பெண், "அங்க எனக்கு ஒண்ணுமே தெரியல" என்று சொன்னால், அவர் கவனமில்லாமல் இருக்கிறார் என்று பொருளில்லை. மரத்துப்போன ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் பொறுமை கூடியது.

இப்போது நான் மூச்சிலிருந்து தொடங்குகிறேன். முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுக்கச் சொல்வேன். தையல் வலித்தால் ஒருக்களித்துப் படுக்கலாம். மூச்சை இழுக்கும்போது வயிறு எழுவதையும், கூடவே கீழே ஏதோ தளர்ந்து விரிவதையும், மூச்சை விடும்போது அது தானாக மேலே திரும்புவதையும் கவனிக்கச் சொல்வேன். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்கும்போது இடுப்புத் தளமும் சற்று இறங்கி, அது ஏறும்போது தானும் ஏறுகிறது என்பதால், இன்னும் ஒரு சுருக்கம்கூடச் செய்யாத நிலையிலேயே பல பெண்களுக்கு அந்த இடம் எங்கே இருக்கிறது என்று பிடிபடத் தொடங்கிவிடுகிறது.

அதன் பிறகு சொல்லும் சொல்லில்தான் நான் அதிகம் மாறியிருக்கிறேன். சிறுநீரை அடக்குவதுபோல் என்று தொடங்குவதை விட்டுவிட்டேன். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயை மூடி உள்ளே மேலே இழுங்கள் என்று சொல்லும்போது, முன்பகுதி மரத்திருக்கும் பெண்களுக்கும் ஏதாவது ஓர் அசைவு உணர்வுக்கு எட்டுகிறது. அது எட்டிய பிறகு, அந்த இழுப்பை அப்படியே முன்புறமாக, சிறுநீர் வரும் இடம்வரை கொண்டுவரச் சொல்வேன். "இறுக்குங்கள்" என்ற சொல்லைவிட "மூடி, மேலே தூக்குங்கள்" என்பது நன்றாக வேலை செய்கிறது. இறுக்கச் சொன்னால் உடம்பு முழுவதும் இறுகுகிறது. தூக்கச் சொன்னால் திசை புரிகிறது. முழுப் பலத்தோடு செய்யுங்கள் என்றும் தொடக்கத்தில் சொல்வதில்லை. பாதிப் பலம் போதும் என்று சொன்னால்தான் பிட்டமும் தொடையும் துணைக்கு ஓடி வராமல் இருக்கின்றன.

அப்போது என் கண் அவருடைய முகத்தில் இருக்கும். மூச்சு நின்றுவிட்டதா, புருவம் சுருங்குகிறதா, தோள் ஏறுகிறதா, பிட்டம் கட்டிலிலிருந்து எழும்புகிறதா என்று பார்ப்பேன். சுருக்கிப் பிடித்துக்கொண்டே என்னோடு பேசச் சொல்வேன், பேச முடிந்தால் மூச்சைப் பிடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். வீட்டில் தாமாகவே சரிபார்த்துக்கொள்ளவும் வழி சொல்லிக்கொடுக்கிறேன். கைக்கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பார்த்தால், சரியாகச் செய்யும்போது ஆசனவாயும் அதற்கு முன்னுள்ள பகுதியும் உள்ளே இழுபடும். வெளியே புடைத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியில் பார்க்கக் கூச்சப்படுகிறவர்கள், சுருட்டிய துண்டு ஒன்றைக் கெட்டியான நாற்காலியில் வைத்து அதன்மேல் அமர்ந்து செய்தால், துண்டிலிருந்து விலகி மேலே போவதை உணரலாம். துண்டின்மேல் அழுத்துவதாகத் தோன்றினால் அது தவறு. உள்ளே விரல் வைத்துச் செய்யும் பரிசோதனையை ஆறு வாரம் கழிந்து, தையல் ஆறிய பிறகு, அந்தப் பெண் விரும்பினால் மட்டுமே செய்கிறேன். வேண்டாம் என்று எந்த நிமிடமும் சொல்லலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு குறையாது என்பதை அவர் கேட்கும் முன்பே நானே சொல்லிவிடுவேன்.

தளர்த்துவதைப் பற்றி யாரும் எனக்கு அழுத்திச் சொல்லித் தரவில்லை. சுருக்குவதுதான் பயிற்சி, விடுவது இடைவேளை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரசவத்திற்குப் பின் வலியால் எப்போதும் இறுக்கியே வைத்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு அது மாறியது. அவருக்குத் தாம்பத்திய உறவில் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் தயக்கம், கூடவே கசிவு. அந்தத் தசை தளரவே மறந்திருந்தது. தளராத தசைக்கு மேலும் சுருங்க இடமில்லை. அவருக்கு முதல் நான்கு வாரங்கள் ஒரு சுருக்கம்கூடக் கொடுக்காமல், மூச்சையும் தளர்வையும் மட்டும் கொடுத்தேன். இப்போது எல்லோரிடமும், எவ்வளவு நேரம் பிடித்தீர்களோ அவ்வளவு நேரமாவது முழுமையாக விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள் என்கிறேன். விட்டதை அவர்கள் உணர்ந்தார்களா என்று தனியாகக் கேட்கிறேன்.

இவ்வளவும் கைவந்த பிறகே எண்ணிக்கைக்கு வருகிறோம். எல்லோருக்கும் பத்து விநாடி என்று தொடங்குவது தவறு. ஒரு பெண்ணால் மூன்று விநாடி பிடிக்க முடிந்து, நான்காவது முறையோடு தசை களைத்துவிடுகிறது என்றால், அவருடைய தொடக்கம் மூன்று விநாடி, நான்கு முறை. அங்கிருந்து மெல்ல ஏறி, பத்து விநாடிவரை பிடிக்கும் சுருக்கம் எட்டு முதல் பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்ற அளவுக்கு வர வேண்டும். இந்தத் தசையில் நீண்ட நேரம் தாங்கும் மெதுவான இழைகளே அதிகம் என்றாலும், இருமல் வரும்போது சட்டென்று மூடும் வேக இழைகளும் இருப்பதால், ஒவ்வொரு வேளையின் முடிவிலும் ஒரு விநாடி மட்டும் பிடித்து உடனே விடும் வேகச் சுருக்கங்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். முதல் சில வாரங்களில் தெரியும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு தசையோடு மீண்டும் பழகிக்கொள்வதால் வருவது. தசை தடித்து உரம்பெற அதற்கு மேலும் வாரங்கள் ஆகும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், மூன்று மாதமாவது தொடர வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறார்கள். சொல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் கைவிடுகிறார்கள்.

எப்போது தொடங்கலாம் என்பதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும்வரை வேண்டாம். அதை எடுத்து, இயல்பாகச் சிறுநீர் கழித்த பிறகு, வலி அனுமதிக்கும் அளவுக்கு மென்மையாகத் தொடங்கலாம். தையல் பிரிந்துவிடுமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. மென்மையான சுருக்கம் தையலைப் பிரிக்காது. ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கம் வடியவும் உதவும். சிசேரியன் ஆனவர்கள் தங்களுக்கு இது தேவையில்லை என்று நினைக்கிறார்கள். ஒன்பது மாதம் சுமந்த எடையும், கர்ப்பகால ஹார்மோன் மாற்றங்களும் அவர்களுடைய இடுப்புத் தளத்தையும் தளர்த்தியிருப்பதால் அவர்களுக்கும் தேவைதான். சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதை மட்டும் யாரும் பயிற்சியாகச் செய்ய வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். அப்படிச் செய்துகொண்டேயிருந்தால் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போகக்கூடும்.

படுத்துச் செய்வது கைவந்ததும் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்ய வேண்டும், ஏனென்றால் கசிவு ஏற்படுவது நிற்கும்போதும் தூக்கும்போதும்தான். இருமுவதற்கும் தும்முவதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் ஒரு கணம் முன்பே தசையைச் சுருக்கிக்கொள்ளும் உத்தியை மட்டும் நான் ஒருபோதும் விடுவதில்லை. இதைக் கற்றுக்கொண்ட பெண்களுக்கு ஒரே வாரத்தில், தசை உரம்பெறுவதற்கு முன்பே, இருமும்போது கசியும் அளவு குறைந்தது என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. என் அனுபவத்திலும், மனம் தளர்ந்திருக்கும் பெண்ணுக்கு முதல் நம்பிக்கையைத் தருவது இதுதான். பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்கச் சொன்னால், கைக்குழந்தை உள்ள எந்தப் பெண்ணுக்கும் அது கிடைக்காது. குழந்தை பால் குடிக்கும் நேரத்தோடு அதைச் சேர்த்துவிட்டால் மறக்காமல் நடக்கிறது.

கேள்வி கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. உறவினர்கள் சூழ்ந்திருக்கும்போது, "சிறுநீர் கசிகிறதா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். இப்போது திரையை இழுத்துவிட்டு, துணைக்கு இருப்பவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "பிரசவமான முதல் மூன்று மாதங்களில் மூன்றில் ஒரு பெண்ணுக்காவது இருமும்போதோ சிரிக்கும்போதோ கசிவு இருக்கும், உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறேன். பல நேரங்களில் அந்தப் பெண் நீண்ட மூச்சு ஒன்றை விட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார்.

பயிற்சியால் மட்டும் தீராதவற்றை அடையாளம் காண்பதும் கற்றுக்கொடுப்பவரின் பொறுப்பு. ஆசனவாய்ச் சுருக்குதசைவரை கிழிந்து தைக்கப்பட்டவர்கள், வாயுவையோ மலத்தையோ அடக்க முடியாதவர்கள், சிறுநீரே போகாமல் தவிப்பவர்கள், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவதுபோன்ற பாரத்தை உணர்பவர்கள் ஆகியோரைத் தாளைக் கொடுத்து அனுப்பிவிடாமல் மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். மலச்சிக்கல் இருப்பவர்களுக்கு முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கழிப்பறையில் தினமும் முக்கினால் மற்ற நேரத்தில் தூக்கிய பலன் வீணாகிவிடும்.

பத்தாவது வாரத்தில் வந்த அந்தப் பெண்ணிடம், நான் கற்றுக்கொடுத்த விதத்தில்தான் தவறு, உங்களிடம் இல்லை என்று சொன்னேன். முதலிலிருந்து தொடங்கினோம். கண்ணாடியில் பார்த்து முதன்முறையாகச் சரியான அசைவைக் கண்டபோது, "இவ்வளவு சின்னதா?" என்று வியந்தார். இரண்டு விநாடி, மூன்று முறை என்று ஆரம்பித்தவர் நான்கு மாதம் கழித்து எட்டு விநாடிவரை வந்திருந்தார். அன்றாட இருமலுக்குக் கசிவு நின்றுவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் படியேறும்போது மட்டும் இன்னும் சில சொட்டுகள் இருந்தன. அதற்கென்று நின்றுகொண்டு செய்யும் வேகச் சுருக்கங்களைக் கூட்டி, ஆறு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்லித் தேதி குறித்துக் கொடுத்தேன்.